அரை அடி பின்னால்

வார்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

நான் வேலையிலிருந்து விலகிய அன்று என் கழுத்தில் மாலை போட்டு, கேசரியும் தேநீரும் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் இரண்டு வார்த்தைதான் பேசினேன். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நாலு பேருக்கு முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இருபத்தாறு வருட வேலையிலும் அது மாறவில்லை. கிள்ளான் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்தவன் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அன்று சொல்லாமல் விட்டதை அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

கட்டுப் போடுவது, படுக்கை விரிப்பது, ஒத்தடம் கொடுப்பது இதையெல்லாம் டாக்டருக்குக் கீழே வார்டைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர்மார் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது தள்ளாடும் நோயாளிகளை நடத்துவதைப் பற்றி மட்டும். வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போய்த் திரும்பக் கூட்டி வருவது. வேலை அவ்வளவுதான். அந்த வேலை என் கைக்கு வந்ததற்கே என் கூச்சம்தான் காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்து மூன்றாம் வருடம், தோட்டத்தில் மாடு மேய்த்த ஒரு கிழவர் எங்கள் வார்டில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். அடிக்கடி விழுகிறார் என்று கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஒருநாள் என்னோடு வேலை செய்த கோவிந்தன் அவரை நடத்துவான், மறுநாள் நான் நடத்துவேன். கோவிந்தன் தங்கமான பிள்ளை. யாரிடமும் முகம் கோணமாட்டான். ஆனால் அவன் நடத்துகிற நாளில்தான் கிழவர் விழுந்தார். ஒரே வாரத்தில் இரண்டு தடவை. என்னோடு வரும்போது ஒருமுறைகூட விழவில்லை. எனக்குக் கைராசி என்று வார்டில் பேச்சு கிளம்பிவிட்டது.

எங்கள் டிரெசர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கைராசியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு காலை வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கோவிந்தன் கிழவரை நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, ஒங்க காலத்துல கிள்ளான் ஆத்துல மொதலை இருந்துச்சாமே, நெசமாவா?" என்று கோவிந்தன் கேட்டான்.

கிழவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "மொதலையா? ஒனக்கு என்னடா தெரியும்..." என்று ஆரம்பித்தார். கால்கள் அப்படியே நின்றுவிட்டன. உடம்பு மட்டும் முன்னால் போனது. டிரெசர் ஐயா பாய்ந்து பிடித்து, தன் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"கோவிந்தன், நீர் கதைச்சுத்தான் ஆளை விழுத்துறீர். வாய் வேலை செய்ய வெளிக்கிட்டா இவருக்குக் கால் நிண்டுபோகுது. இந்த ஊமையனைப் பாரும். ஒரு சொல் இல்லை. அதுதான் ஆள் விழேல்லை."

கோவிந்தன் அசரவில்லை. "அட, பேசாம இருக்கறது ஒரு வைத்தியமா ஐயா? மொதல்லயே தெரிஞ்சிருந்தா எங்க மாமியாருக்குச் சொல்லியிருப்பேன்லா" என்றான். கிழவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். உட்கார்ந்தபடி சிரித்ததால் ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து நடை தள்ளாடும் ஆட்களெல்லாம் என் கைக்கு வந்தார்கள். வயதானவர்களுக்கு நடப்பதே முழு வேலை. அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். கதை கேட்க ஆசையாக இருந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள்.

இதற்குப் பிறகு டிரெசர் ஐயா என் வார்த்தையை நம்ப ஆரம்பித்தார். "ஆள் எப்பிடி நடக்கிறான்?" என்று கேட்பார். நான் சொல்வதை இங்கிலீஷில் தாளில் எழுதிக்கொள்வார். அந்தத் தாள் வெள்ளைக்கார டாக்டர் துரையின் மேசைக்குப் போகும். நாலாம் வகுப்புக்காரன் சொன்னது துரை மேசைக்குப் போகிறது என்பதில் எனக்கு உள்ளுக்குள் பெருமை. கூச்சப்படுகிறவனுக்குக் கர்வம் வராது என்று நினைக்காதீர்கள். வரும். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

அந்தக் கர்வம் ஏறியிருந்த காலத்தில்தான் சடையன் வந்தான்.

சடையன் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில் குடியிருந்தவன். நாற்பது வயது இருக்கும். தண்டவாளம் பிரியும் இடத்தில் நெம்புகோலைத் தள்ளி வண்டிக்கு வழி மாற்றிவிடும் வேலை. ஒரே மாதத்தில் மூன்று முறை தண்டவாளத்தின் நடுவில் விழுந்துவிட்டான். மூன்று முறையும் பொழுது சாயும் நேரம். கள்ளுக்கடை திறந்திருக்கும் நேரமும் அதுதான். அவனை வேலை வாங்கும் மண்டோர் வேறு எதையும் யோசிக்கவில்லை. மூன்றாவது முறை நெற்றி பிளந்து எங்களிடம் வந்தபோது கூடவே ஒரு கடிதமும் வந்தது. இவன் விழுந்தது குடியாலா, இல்லை உடம்பில் ஏதும் கோளாறா என்று கேட்டிருந்தார்கள். குடி என்று பதில் போனால் வேலை போகும். லயத்து வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். அவனுக்குப் பொன்னி என்று மனைவி, சின்னப் பிள்ளைகள் இரண்டு.

இரண்டாம் நாள் காலை பத்து மணி வெயிலில் அவனை நடத்தினேன். வராந்தா பளிச்சென்று இருந்தது. அவன் ஓர் ஓரமாக, தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி, நேர்கோடாக நடந்து திரும்பி வந்தான். அடி எடுத்து வைக்கும்போது சிமெண்டுத் தரையில் 'டப் டப்' என்று சத்தம் கேட்டது. ரயில்வேக்காரன், சரளைக்கல்லில் நடந்து பழகியவன், அழுத்தி வைக்கிறான் என்று நினைத்தேன். தலை குனிந்திருப்பது வெட்கத்தால் என்று நினைத்தேன். தலை குனிந்து நடப்பது எனக்குத் தெரியாததா?

"ஆள் எப்பிடி நடக்கிறான்?" என்றார் டிரெசர் ஐயா.

"நல்லா நடக்கறாருங்க ஐயா" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். உடம்பில் கோளாறு இல்லையென்றால் மிச்சம் குடிதான் என்று ஆகும், அதை நான் யோசிக்கவில்லை.

எங்கள் வார்டின் கிழக்குப் பக்கத்து ஜன்னலுக்கு நேரே, சாலைக்கு அப்பால் ஒரு கோயில் இருந்தது. காலைப் பூசை மணி கேட்டால் எழ முடிந்தவர்கள் ஜன்னலோரம் வந்து கும்பிடுவார்கள். சடையனும் இரண்டு காலை வந்தான். ஆனால் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெஞ்சில் வைத்து, கண்ணைத் திறந்தபடியே நின்றான். பக்கத்துக் கட்டில்காரர் விடவில்லை.

"என்னப்பா, சாமிய இப்படி மொறைக்கற? அது பயந்துரப் போவுது."

"கண்ண மூடுனா மண்டோர் வந்துருவான்னு பயம்லா" என்றான் இன்னொருவன்.

சடையனும் சேர்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் கையிலிருந்த கம்பியை நான் பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பொன்னி கோயிலுக்குப் போய்விட்டு நேராக வார்டுக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து விபூதி எடுத்தாள். அவன் மரியாதைக்காகக் கட்டிலை விட்டு எழுந்து, கைகட்டி நின்றான். அவள் நெற்றிக் கட்டுக்குக் கீழே விபூதியைப் பூசினாள். கண்ணில் விழாமல் இருக்க எல்லாரும் செய்வதுபோல அவன் கண்ணை மூடினான்.

வெட்டின மரம் போலச் சாய்ந்தான். பொன்னியையும் தள்ளிக்கொண்டு கட்டிலின் மேல் விழுந்தான்.

"ஐயையோ! ஆஸ்பத்திரிக்குள்ளயே ஊத்திக்கிட்டான்யா!" என்று பக்கத்துக் கட்டில்காரர் கத்தினார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலையிலிருந்து அவனுக்கு நான்தான் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்திருந்தேன். அவன் குடிக்கவில்லை என்பது அந்த வார்டிலேயே எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும்.

அவனை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். எனக்குக் கேள்வி கேட்க வராது. அன்றைக்குக் கேட்டேன்.

"எவ்ளோ நாளா இப்படி?"

அவன் பொன்னியைப் பார்த்தான். "சொல்லுங்க" என்றாள் அவள்.

"தீவாளிக்கு முன்னாலேர்ந்துண்ணே" என்றான் மெதுவாக. "மொதல்ல காலு மரத்த மாதிரி இருந்துச்சு. அப்பறம் தரையே பஞ்சு மாதிரி ஆயிருச்சு. செருப்பு கழண்டு போனாக்கூட குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். பகல்ல காலப் பாத்துக்கிட்டே நடந்துருவேன். பொழுது சாஞ்சா காலு எங்க இருக்குன்னே தெரியல. கண்ண மூடுனா தரை போயிருதுண்ணே."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்னா ஆவும்? குடிகாரன்னு எழுதுனா இந்த வேலை போவும். போவட்டும். டெங்கில் பக்கம் எஸ்டேட்டுல மச்சான் இருக்கான், அங்க போயிருவேன். காலு வெளங்காதவன்னு எழுதுனா எவன் சேப்பான்? திருப்பி ஊருக்கே கப்பல்ல ஏத்திருவாங்க. அங்க எனக்கு யாரு இருக்கா? புள்ளைங்க ரெண்டும் இங்க பொறந்ததுங்க." என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க நல்லா நடக்கறான்னு சொன்னீங்கள்ல? அப்படியே விட்ருங்கண்ணே."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அவன் ஆசைப்பட்டபடி நடக்கும். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம். நான் செய்த தப்பும் வெளியே வராது. அதுவும் மனதில் வந்தது. மறைக்க மாட்டேன்.

பொன்னி விபூதி முடிச்சைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "எஸ்டேட்டுல மட்டும் பொழுது சாயாதாமா?"

சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் எழுந்து போனேன்.

டிரெசர் ஐயா கத்தரிக்கோல்களைக் கொதிநீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நேற்று நீர்தானே சொன்னீர், நல்லா நடக்கிறான் எண்டு?"

"ஆமாங்க ஐயா. நான் சொன்னது தப்புங்க."

"கடதாசி துரையிட மேசைக்குப் போயிட்டுது. பத்தரைக்குக் கையெழுத்து வைப்பார்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாகிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

"நீங்க துரைகிட்ட ஒரு வார்த்தை சொன்னா..."

"நான் சொன்னா அது கேட்ட கதை. கண்டது நீர். நீர்தான் வந்து சொல்ல வேணும். நான் பக்கத்தில நிக்கிறன்."

கப்பல் விஷயத்தைச் சொன்னேன். சொல்லப் போய் அவனைக் கெடுத்துவிடுவேனோ என்று கேட்டேன். அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"அப்ப அவனால என்ன ஏலாது எண்டதோட, என்ன ஏலும் எண்டதையும் சேர்த்துச் சொல்லும். அவனை நடத்தினவர் நீர். வேற ஆருக்குத் தெரியும்?"

தம்பிகளே, அவர் கோபப்பட்டிருந்தால் நான் அங்கேயே குறுகிப் போயிருப்பேன். என் தப்பை வைத்து என்னைத் திட்டாமல், அதைத் திருத்தும் வேலையை என் கையிலேயே கொடுத்தார். அந்த மனிதரை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

துரை மேசையில் தாள்கள் கோபுரமாக இருந்தன. அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சல்காரர்கள் வார்டு நிறையக் கிடந்த மாதம் அது. அவரிடம் வந்த கடிதம் குடித்தானா என்று கேட்டது. அவர் நாற்றம் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், என் வார்த்தையை நம்பினார். அவன் நடையைப் பார்ப்பது என் வேலையாக இருந்தது.

எங்களுக்குள் பொதுவாக இருந்தது கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் கொஞ்சம்தான். "துரை, மாத்தா துத்துப், டியா ஜாத்தோ" என்றேன். கண்ணை மூடினால் விழுகிறான் என்று அர்த்தம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டிரெசர் ஐயா அசையாமல் நின்றார். மறுபடியும், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

துரை பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

சடையனை வராந்தாவில் நிறுத்தினோம். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு பாதத்தையும் சேர்த்து வைக்கச் சொன்னார் துரை. நான் அவனுக்கு அரை அடி பின்னால், கைகள் அவன் இடுப்புக்குப் பக்கத்தில், தொடாமல் நின்றேன். கண்ணை மூடு என்றார். மூன்று எண்ணுவதற்குள் அவன் முழு பாரமும் என் நெஞ்சில் வந்து விழுந்தது. பிடித்துக்கொண்டேன். பிறகு துரை அவனைக் கட்டிலில் உட்கார வைத்து முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தார். கால் துள்ளவில்லை. டிரெசர் ஐயாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். காலின் சேதி தலைக்குப் போகிற நரம்பு கெட்டிருக்கிறது, கண் பார்த்துச் சொன்னால்தான் காலுக்கு இடம் தெரிகிறது என்று டிரெசர் ஐயா பின்னால் விளக்கினார்.

துரை என் பக்கம் திரும்பினார். "போலே கெர்ஜா?" வேலை செய்ய முடியுமா என்கிறார். என்னைக் கேட்கிறார்!

முடியும் என்றேன். தெரிந்த மலாயும் கையுமாக, தெரியாத இடத்தில் தமிழுமாகச் சொன்னேன், டிரெசர் ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். வெளிச்சத்தில் நேராக நடக்கிறான். பிடிக்க ஒரு கம்பி இருந்தால் எவ்வளவு நேரமும் நிற்கிறான். உட்கார்ந்து செய்கிற வேலையில் கைக்கு ஒரு குறையும் இல்லை, பக்கத்துக் கட்டில்காரருக்கு நேற்றுச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்தான். பொழுது சாய்ந்த பிறகு தண்டவாளத்துப் பக்கம் விடக்கூடாது. என் வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

துரை பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார்.

சடையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் வாங்கிக்கொள்வான், முகத்தைப் பார்க்கமாட்டான். ரயில்வேயிலிருந்து பதில் வர இரண்டு வாரமானது. அந்த இரண்டு வாரமும் நான் அவனைத் தினம் நடத்தினேன், நிமிர்ந்து எதிரே பார்க்கச் சொல்லாமல், அவன் பாதையில் நிழல் விழாமல் பார்த்துக்கொண்டு. பதில் வந்ததும் டிரெசர் ஐயா படித்துச் சொன்னார். ரயில் விளக்குகளைத் துடைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போடும் அறையில் பகல் வேலை. லயத்து வீடு அவனுக்கே.

சடையன் என் பக்கம் திரும்பிச் சொன்னான். "பொழுது சாயறதுக்குள்ள எல்லா வெளக்கையும் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிருவேன். இருட்டுக்கும் எனக்கும் இனிமே பேச்சுவார்த்தை இல்லண்ணே."

நோய் குணமாகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஒரு வருடத்தில் தடி வந்தது, பிறகு இரண்டு தடி. இருந்தாலும் ஆறு வருடம் அந்த விளக்கறையில் வேலை செய்தான். பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கூடம் போனார்கள். நாம் பார்க்கிற முக்கால்வாசிப் பேருக்கு நடை திரும்பி வராது. மிச்சமிருக்கும் நடையில் எவ்வளவு பிழைக்கலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் நம் வேலை. ஒருவனைப் பற்றி உங்களைக் கேட்டால் எந்த வெளிச்சத்தில், எந்தத் தரையில், எதைப் பிடித்துக்கொண்டு நடந்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "நல்லா நடக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அவன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை, இன்னும் வெயில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் அவனைப் பார்த்தேன். பொன்னி அர்ச்சனைத் தட்டோடு முன்னால் நின்றாள். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் கூப்பிட்டான்.

"அண்ணே, கொஞ்சம் பின்னால நிக்கறீங்களா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. போய் அரை அடி பின்னால் நின்றேன். கைகளை அவன் இடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

அவன் தூணை விட்டான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினான். கண்ணை மூடினான். உடனே சாய்ந்தான். நெஞ்சு கொடுத்துத் தாங்கினேன். தீபாராதனை காட்டி முடிகிறவரை அப்படியே என் மேல் சாய்ந்து நின்று கும்பிட்டான். அவன் தோள் குலுங்கியது தெரிந்தது. என்ன வேண்டினான் என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு எனக்கு வேலையில்லாத வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் அப்படித்தான் கும்பிட்டோம்.

கும்பிட்டோம் என்று எழுதிவிட்டேன். கண்ணை மூடிக் கும்பிட்டவன் அவன்தான். என் கைகள் அவன் இடுப்பில் இருந்தன, என் கண்கள் அவன் பாதங்களின் மேல் இருந்தன. பின்னால் நிற்கிறவன் கண்ணை மூடக்கூடாது, தம்பிகளே. ஆறு வருடம் அந்தச் சந்நிதியில் நான் கண்ணை மூடியதே இல்லை. எனக்கும் சேர்த்து அவன் வேண்டிக்கொண்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.